சாமி இரவல் வாங்கிய தொண்டை

...பாத்தியளா, பெறவும் மூடிட்டு. வெளிச்சம் வந்துட்டுன்னு சேஷன் சார் காமிராவுக்குப் பின்னால கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டாப் போதும், எங்கிருந்தோ ஒரு மேகம் ஓடி வந்து நம்ம ஸ்டுடியோ கண்ணாடிக் கூரை மேல உக்காந்துக்கிடும். ம்... அசையாதீங்க மொதலாளி. தலை ஆடாம இருக்கக் கழுத்துக்குப் பின்னால வச்ச அந்த இரும்புக் கவடு குத்தத்தான் செய்யும். கவுன்சில் மெம்பர் படம்னா சும்மாவா. வாயத் திறந்தா படத்துல ரெண்டு வாய் விழும், பாத்துக்கிடுங்க. வந்து உக்காந்தவங்க அசையாம இருக்கப் பேச்சுக் குடுக்கத்தான் சார் எனக்குச் சம்பளம் தாராரு.

ஒரு சிரிப்புக் கதை வச்சிருக்கேன். வயிறு புண்ணாயிரும். ஆனா இப்பச் சொல்ல மாட்டேன். காமிரா மூடியக் கழத்துக நேரத்துல நீங்க சிரிச்சுட்டா எலக்ஷன்ல ஜெயிச்ச மொகமா அது? வெயில் வரட்டும்.

அது வரைக்கும் என் பொழப்பக் கேளுங்க. வேலாயுதன்னா சாலைக் கடைத்தெருவுல தெரியாத ஆளு உண்டா? போன வருஷம் வரை நாடகக் கம்பெனியில இருந்தேன். திரைக்குப் பின்னால கழுத கத்தணுமா, பிள்ளை அழணுமா, ரெயில் ஊதணுமா, எல்லாம் நான்தான். சாலையில ஒரு தொண்டைய நான் பேசிக் காட்டாம விட்டு வச்சதில்ல. ஆமா, உங்க தொண்டையுந்தான். தலைய ஆட்டாதீங்க. ஆம்பளையில அப்பிடி ஒரு கீச்சுக் குரல் இந்தத் திருவனந்தபுரத்துல வேற யாருக்கு இருக்கு? தப்பா எடுக்காதீங்க, புல்லாங்குழல்னு வச்சுக்கிடுங்க.

அந்தப் பெருவெள்ளம் வந்த அன்னைக்குத்தான் எனக்குத் திரைக்கு முன்னால மொத வேஷம். ராணிக்குத் தோழி. நாலே வரி. கரமனையில மேட்டு மேல கொட்டகை. அந்த மழையில ஆரு வருவா? சாயங்காலம் நாலு மணிக்கு எட்டிப் பாத்தா கொட்டகையில ஒரு நாய். அதுவும் தூங்குது. மொத வேஷத்த நாயிக்கா காட்டுவான் ஒருத்தன்?

ஆனா பாருங்க, அஞ்சு மணிக்குக் கொட்டகை நெறஞ்சு போச்சு. அது எப்பிடின்னு நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும். எலக்ஷன் கூட்டத்துக்குக் கூட்டம் நீங்களே சொன்னதுதான. கீழ ஆத்தங்கரையில உங்க எடத்துல குடியிருக்க நாப்பது வீடும் உங்க குரலக் கேட்டுது. நீங்களோ நாகர்கோவில்ல கல்யாணப் பந்தியில இருந்தீய. இங்க, தினம் நீங்க செய்யுக மாதிரியே ரெண்டு இருமல், பெறவு, "ஏ, கேக்குதா? ஆறு வருது, கொட்டகைக்கு ஏறுங்க." சனம் கோழிய இடுக்கிக்கிட்டு மேடேறினாவ. ஒரு மணி நேரத்துல ஆறு தெருவத் தொடச்சு எடுத்துட்டு. ஒரு உசிருக்குச் சேதமில்ல. 'சாமி என் தொண்டைய இரவல் வாங்கிக் கூப்பிட்டாரு'ன்னு நீங்க மேடையில கண்ணத் தொடச்சப்ப நானும் தொடச்சேன். அந்தக் குரலுக்குத்தான விழுந்துது ஓட்டு.

எனக்கு ஒண்ணுதான் விளங்கல. மேட்டுல கோயில் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. சாமி எதுக்கு நாடகக் கொட்டகைக்கு ஏறச் சொன்னாரு?

சாரமில்ல, அத விடுங்க. என் நாலு வரியையும் சொன்னேன். ஒருத்தரும் மேடையப் பாக்கல. எல்லாரும் முதுகத் திருப்பி ஆத்தப் பாத்துக்கிட்டு நின்னாவ. உங்க எடத்துல குடியிருக்க தாசம்மாளோட சின்னப் பிள்ளை மட்டும் மேடையில ஏறி என் வேஷச் சேலையக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னுது. விடவே இல்ல. அன்னைக்கு அவுத்த வேஷம் பெறவு நான் கட்டல.

இன்னைக்குக் காலையில ஆத்தங்கரைக்குப் போயிருந்தேன். அதே எடத்துலதான் மறுபடியும் வீடு கட்டியிருக்காவ. படித்துறையில அஞ்சு படி முங்கிட்டு, ஆறாவது நனையுது. மேட்டுக்குப் போன்னு தாசம்மாள்கிட்ட சொன்னா அவ சிரிக்கா. "மொதலாளி கூப்பிடட்டும்லே, அப்பப் போறோம்." நாப்பது வீட்டுலயும் இதே பதில். சரின்னு செவுத்துக்குப் பின்னால போய் நின்னு கூப்பிட்டும் பாத்தேன். எங்க வருது? தை மாசத்துல மீசை அரும்பினதோட எனக்குத் தொண்டை உடைஞ்சு போச்சே. உங்க கீச்சுக் குரலுக்கு வாயத் திறந்தா தவளைதான் கத்துது. இருமல் மட்டுந்தான் மிச்சம். அது இன்னும் அச்சா வரும், கேளுங்க.

ம்க்ஹும். ம்க்ஹும்.

...என்ன மொதலாளி, மொகம் இப்பிடிச் செவக்குது? அசையாதீங்க, அசையாதீங்க, வெயில் வந்துட்டு. சார், மூடியக் கழத்துங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு.

ஆச்சு. மெம்பர்னா இப்பிடித்தான் இருக்கணும், கண்ணுல என்ன ஒரு தீ.

இல்ல, சிரிப்புக் கதை சொல்லி முடிச்சாச்சு. உங்க வில்வண்டிய கரமனைப் பக்கமாத் திருப்பி நிறுத்தச் சொல்லியிருக்கேன். என்னையும் ஏத்திக்கிடுங்க, போற வழியில எத்தன அடி வேணும்னாலும் அடிங்க. கத்த மட்டும் கத்தாதீங்க மொதலாளி. தொண்டைய ஆத்தங்கரைக்கு வச்சுக்கிடுங்க.