முதலாளியின் இடுப்பு

— உக்காந்தா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா உக்கார முடியல. இடுப்பு செத்தே போச்சு ரெங்கசாமி. கொஞ்சம் பொறு, கம்பெனி விசயத்தச் சொல்றேன்.

— மொதல்ல கோப்பியக் குடிங்க வீரப்பண்ணே. கப்பல் கம்பெனியில கணக்கு எழுதுற கிராணி எப்ப வர்றான்?

— நாளைக்குத் தாப்பாவுக்கு வர்றான். லோரி உன்னுதுன்னு சொல்ற பத்திரம், அந்தக் கிராண்டை அவன் கையில கொடுத்துட்டுச் சேந்துக்க. வருசம் பூரா தேயிலை லோடு, பாத்துக்க. எஸ்டேட்டுல ஏத்தி கிள்ளான் தொறமுகத்துல எறக்கணும், அவ்வளவுதான்.

— அது போதும் லா. லெம்பா பெர்த்தாம் தோட்டத்துல கோஸ் ஏத்திட்டுப் போனா, பாதி அழுகல்னு சரக்கு வாங்குற தவுக்கே காசுல புடிச்சிக்கிறான். தலகாணியெல்லாம் கோஸ் நாத்தம்னு ரஞ்சிதம் தனியாப் படுக்கறா.

— தேயிலை நாறாது.

— அப்ப ஒடனே சேரணும். வேற என்ன கேப்பான்?

— நீலம் அடிக்கணும். கதவுல கம்பெனி பேரு எழுதணும். பெயிண்டு காசு நம்மளுது.

— அவன் பேர எழுத நம்ம காசா?

— "லோரி உன்னுது, நீதான் முதலாளி"ம்பான்.

— மொதலாளின்னா திரும்பி வர்றப்போ வேற லோடு ஏத்தலாமில்ல?

— ஏத்தக்கூடாது. கம்பெனி பேரு கெட்டுடுமாம்.

— நல்ல மொதலாளி லா. போன மாசம் தாப்பா ரோட்டுல மண்ணு சரிஞ்சு மாட்டிக்கிட்டீங்களே, அன்னிக்குக் கூலி வந்துச்சா?

— கூலியா? நான் போய்ச் சேர்றதுக்குள்ள கப்பல் போயிருச்சு. அடுத்த கப்பல் வரைக்கும் பெட்டிங்க குடோன்ல கெடந்துச்சு. அந்த வாடகைய என் தலையில கட்டிட்டான்.

— மண்ணு சரிஞ்சா நீங்க என்னண்ணே செய்வீங்க?

— "மழ பெய்யும்னு தெரியுமில்ல, முந்தியே கெளம்பறதுதானே"ன்னான்.

— கேமரன் மலையில மழ பெய்யாத நாளாப் பாத்துக் கெளம்பணும்னா லோரியில புல்லு மொளச்சிடும்.

— சிரிக்க வைக்காத, இடுப்பு புடிக்குது. குடோன்ல ஆளு தரல. தனியா நின்னு எறக்கினேன், மறுபடி நானே ஏத்தினேன். அன்னிக்கு விழுந்த அடி இது.

— ஆஸ்பத்திரி செலவு கேட்டீங்களா?

— கேட்டேன். வேலைக்காரனுக்குத்தான் சொக்சோ இன்சூரன்ஸாம். முதலாளிக்குக் கெடையாதாம்.

— ஏன்ணே, இவ்வளவு பட்டுட்டு என்னைய எதுக்குச் சேரச் சொல்றீங்க?

— கோஸ் அழுகுது. தேயிலை அழுகாது, பாத்துக்க.

— எனக்கிருக்கிறது இந்த ஒரு பெட்ஃபோர்டு லோரிதான். கிராண்டு அவன்கிட்டப் போனா திரும்பக் கெடைக்குமா?

— கேட்டா தருவான்.

— உங்களுதத் தந்தானா?

— நான் கேக்கல.

— சரி விடுங்க. ரஞ்சிதம் யோசிச்சுச் செய்யுங்கன்னா. வீரப்பண்ணன் சொன்னா போதும் புள்ளன்னு வாய அடச்சிட்டு வந்தேன். நாளைக்கு எனக்கு கோஸ் லோடு இருக்கு. இந்தாங்க கிராண்டு, கிராணிகிட்ட நீங்களே கொடுத்துடுங்க லா.

— உள்ள வை.

— நனையாம பிளாஸ்டிக்ல சுத்திதான் வச்சிருக்கேன். புடிங்க.

— வேணாம் ரெங்கசாமி. எடுத்துட்டு வீட்டுக்குப் போ.

— இவ்வளவு நேரம் சேரு சேருன்னீங்களே. என்னண்ணே ஆச்சு?

— உன் லோரியக் கொண்டாந்து விட்டா என் கடனக் கழிச்சிடறேன்னு கிராணி சொல்லியிருக்கான். குடோன் வாடகையில அந்தக் கம்பெனிக்கு நான் இன்னும் ரெண்டாயிரம் வெள்ளி தரணும்.