அறைச் சத்தம் எடுத்த அரை நிமிடம்

என் பெயர் காளிதாஸ் த/பெ லெட்சுமணன். வயது 57. சிகாமட்டில், ஆற்றோரத் தாமான் குடியிருப்பில் 14ஆம் எண் வீட்டில் மனைவி மலருடன் வசிக்கிறேன். அந்தத் தாமானின் வெள்ளநீர் பம்புக்கு ஆறு வருடம் நான்தான் பொறுப்பு.

2023 மார்ச் வெள்ளத்தில் பக்கத்து வீட்டு ஜெயபாலன் இறந்துபோனார். அடுத்த வருடம் ஜூன் மாதம் ஆவணப்படம் எடுக்கும் விஜயேந்திரன் கேமராவோடு என் வீட்டுக்கு வந்து, வெள்ளத்தன்று பம்பு மோட்டாரை ஏன் போடவில்லை என்று கேட்டார். முழங்கால் தண்ணீரில் நின்று மூன்று தடவை போட்டேன், மூன்றாவது தடவை புகை வந்து நின்றுவிட்டது என்றேன். அதன் பிறகு அவர், அறையின் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அரை நிமிடம் யாரும் பேசக்கூடாது என்றார். காற்றாடியை நிறுத்தினோம். கேமரா முன்னால் சும்மா உட்காரக் கூச்சமாக இருந்ததால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலர் தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் கோப்பை சத்தம் போடாமல் நின்றாள்.

கடந்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் தாமான் மண்டபத்தில் அந்தப் படத்தைப் போட்டார்கள். ஜெயபாலன் மனைவி வாசுகி திரையில் அழுதார். அதன் பிறகு, "மோட்டார ஏன் போடல?" என்ற கேள்வி. அதன் பிறகு தரையைப் பார்க்கும் என் முகம். என் பதில் இல்லை. பின்னால் யாரோ, "பாரு லா, வாயே தொறக்கல" என்றார். பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்பார்கள், அன்று இரண்டும் என் பக்கமே வந்தன.

படம் முடிவதற்குள் எழுந்துபோய், நான் சொன்ன பதில் எங்கே என்று விஜயேந்திரனிடம் கேட்டேன். "பொய்யா எதுவும் சேக்கல அங்கிள். அது உங்க மூஞ்சிதானே" என்றார். என் மூஞ்சிதான். அதன் பிறகு படம் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியைப் பிடுங்கி வெளியே லோங்காங் சாக்கடையில் போட்டேன். அவர் கொடுத்த புகாரில் சொல்லியிருப்பது சரி, அதைச் செய்தது நான்தான். ஆனால் நான் அவரை அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மலர், "அன்னிக்கு அவரு கேட்டப்ப ஏங்க பதிலே சொல்லல?" என்றாள். நீ அங்கேதானே தட்டோடு நின்றாய் என்றேன். "நின்னேங்க. ஆனா படத்துல அப்படி இல்லையே" என்றாள். அதிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சார்ஜன் கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். யோசித்ததால்தான் பேசாமல் இருந்தேன், அதையும் எழுதச் சொன்னேன். எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது எதுவும் விடுபடவில்லை, எதுவும் இடம் மாறவில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) காளிதாஸ்