வூடு இல்லம்மா, வீடு

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். தாம்பரத்தில் காலை மின்சார ரயில் கிளம்பக் காத்திருந்தது. பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே இரண்டு பேர். இளையவளின் மடியில் பாட்டு நோட்டு இருந்தது.

"ஒரு மாசமா 'வீடு'ங்கிற வார்த்தையே அவங்க வாயில வரலக்கா," என்றாள்.

நான் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்தேன்.

"யாருக்கு?"

"ஸ்டேஷன் வாசல்ல படுத்திருப்பாங்களே, அவங்கள்ல ஒருத்தங்களுக்கு. அவங்களையெல்லாம் கிறிஸ்துமஸுக்கு எங்க சர்ச் கொயர்ல பாட வெச்சோம். பாடினா மனசு தேறும்னு மாஸ்டர் சொன்னார். மழை வேற. ப்ராக்டிஸ் முடியற வரைக்கும் ஹால்லயே படுத்துக்கட்டும்னு விட்டோம்."

"நல்ல காரியம்தானே?"

"மேல நமக்கொரு வீடு இருக்குன்னு பாட்டு முடியும். அஞ்சலைன்னு ஒரு அம்மா, கணீர்னு குரல், அந்த இடம் வந்தா 'வூடு'ன்னு இழுப்பாங்க. மாஸ்டர் கையைத் தட்டி நிறுத்திடுவார். 'வூடு இல்லம்மா, வீடு'ம்பார். தினமும் இதே கதை."

"அப்புறம்?"

"கிறிஸ்துமஸ் அன்னிக்குச் சரியா பாடிட்டாங்க. எல்லாரும் கை தட்டினாங்க."

வண்டி நகர்ந்தது. சானடோரியம் ஸ்டேஷன் வந்தது.

"மறுநாள் சர்ச்சுல ஹாலைப் பூட்டச் சொல்லிட்டாங்கக்கா. அஞ்சலையம்மா மூட்டையோட வாசல்ல நின்னு, 'இன்னா டீச்சரம்மா, மறுபடியும் வூடுன்னே பாடிட்டனா?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

இளையவள் நோட்டைப் பைக்குள் வைத்தாள்.

"இல்லம்மா, ரொம்ப நல்லா பாடினீங்கன்னு சொன்னேன். சொல்லிட்டுப் பூட்டினேன்."