சுலைமான் கடை பின்பக்க டேபிள்

மத்தியானம் ஒரு மணி. ராத்திரி இல்ல... பட்டப்பகல். அதை மொதல்லயே சொல்லிடறேன். பேய்னா ராத்திரியிலதான் வரும்னு எவன் சொன்னானோ, அவன் அந்த ரோட்டுல மே மாசம் நடந்ததே கெடையாது.

ஆவடியிலருந்து பூந்தமல்லி போற ரோடு. வருசம் தொண்ணூத்தி ஏழு. பருத்திப்பட்டு தாண்டினா அப்போ ரெண்டு பக்கமும் காலிதான். முள்ளுச்செடி... நாலு பனைமரம்... தார் உருகி செருப்புல ஒட்டும். ஒரு பஸ் போச்சுன்னா அடுத்தது முக்கால் மணி நேரம். நாய்கூட குறுக்க போவாது.

கிட்ட வந்து ஒக்காருங்க. ஜமக்காளத்துல எடம் கீது பாரு. மண்டபத்துல எல்லாரும் தூங்கறாங்க, சத்தமா சொல்ல முடியாது. பொண்ணு ஊட்டுக்காரங்க காதுல மட்டும் போட்டுடாதீங்க... கல்யாண மண்டபத்துல சொல்ற கதையா இதுன்னு என்னைத்தான் திட்டுவாங்க.

என்கூட அம்பத்தூர் பக்கம் பாடியில வேலை செய்யறானே உத்தமன்... அவன் கூடப்பொறந்த அண்ணன் கஜபதி. இது அவருக்கு நடந்தது. சேக்காட்டுல ஊடு. பொண்டாட்டி பேரு லோகநாயகி. புள்ளைங்க கெடையாது. அவரும் பாடியில வேற ஒரு கம்பெனியில ஃபிட்டரு. நல்லா ஆறடி ஆளு. கேரம் போர்டுல அவரை அடிச்சுக்க ஆளு கெடையாது. ஊட்டுல மூணு கப்பு வெச்சிருந்தாரு.

தொண்ணூத்தி நாலுல ஒரு நாள், செயின் அந்து போயி கீழ வந்த இரும்பு வார்ப்பை ஓடிப் போயி தோள் குடுத்து தாங்கினாரு. கீழ நின்னவன் பொழைச்சுக்கினான். இவருக்கு இடுப்புல "டக்"னு ஒரு சத்தம். அவ்ளோதான். டிஸ்க்கு நவுந்துட்ச்சுன்னு சொல்ட்டாங்க.

அதுலருந்து மூணு வருசம்... அந்த ஊட்டுல தும்மல் வந்தாகூட பயம். தும்மினா இடுப்புல கத்தி எறங்கும் அவருக்கு. காலையில லோகநாயகி கற்பூரத் தைலம் சுட வெச்சு தேய்ச்சு உட்டாத்தான் எழுந்து நிப்பாரு. பத்து நிமிசம் ஒக்கார முடியாது. ஒக்காராம கேரம் எப்படி ஆடறது? போர்டை செவுத்துல சாய்ச்சு வெச்சுட்டாரு. கம்பெனியில பாதி நாள் லீவு. கடைசியில கூப்ட்டு சொல்லிட்டாங்க... ஜூன் மாசம் ஃபிட்டுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கினு வா. இல்லாங்காட்டி வேலை கெடையாது.

அந்த நேரத்துலதான் கரையான்சாவடிக்கு முன்னாடி, ரோட்டை உட்டு உள்ள தள்ளி, சுலைமான்னு ஒருத்தர் பூல் கடை போட்டாரு. தெரியும்ல... பச்சைத் துணி போட்ட மேசை, நீளக் குச்சி, கலர் கலரா பதினஞ்சு பந்து, வெள்ளைப் பந்தால இடிச்சு ஓட்டையில தள்ளணும். ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டு. அதுல ரெண்டு டேபிள். வாசப் பக்கம் ஒண்ணு புதுசு. பின்பக்கம் ஒண்ணு பழசு... எங்கயோ ஒரு கிளப்பை மூடும்போது ஏலத்துல எடுத்தாராம். எந்தக் கிளப்புன்னு அவருக்கே தெரியாது.

கஜபதிக்கு கேரம் ஆடின கண்ணு. கோணம் பாத்தாலே தெரியும் அவருக்கு. நின்னுகினே ஆடற ஆட்டம் வேற. போயிப் பாக்கலாமேன்னு ஒரு நாள் போனாரு. வாசப் பக்க டேபிள்ல பசங்க ஆடினு இருந்தாங்க. பின்பக்கம் யாரும் இல்ல.

"அதுல யாரும் ஆட மாட்டானுங்கண்ணே... என்னமோ ஒரு மாதிரி கீதுன்றானுங்க. நீங்க வோணா ஆடிப் பாருங்க"ன்னாரு சுலைமான்.

இவரு குச்சியை எடுத்தாரு. நுனியில நீலச் சாக்பீஸ் கட்டியைத் தேச்சாரு... கிறீச் கிறீச். குனிஞ்சா வலிக்கும்னு தெரியும். பல்லைக் கடிச்சுக்கினு மெதுவா குனிஞ்சாரு.

வலிக்கல.

இடுப்புல யாரோ உள்ளங்கைய வெச்சா மாதிரி இருந்துச்சு. சூடா... பதமா... எந்த எடத்துல வலியோ கரெக்டா அந்த எடத்துல. லோகநாயகிக்கே அந்த எடத்தைக் கண்டுபுடிக்க ஒரு வருசம் ஆச்சு. திரும்பிப் பாத்தாரு. யாரும் இல்ல. நிமுந்தாரு... வலி வந்துட்ச்சு. திரும்பக் குனிஞ்சாரு... போயிட்ச்சு.

நீ இன்னா பண்ணுவ? சொல்லு. ஓடுவியா? மூணு வருசமா தூங்காத மனுசன் ஓட மாட்டான். நரம்பு ஏதோ சரியா இழுத்து உட்டுச்சுன்னு நெனைச்சுக்கினாரு. ஒரு மணி நேரம் ஆடினாரு. அன்னிக்கு ராத்திரி குப்புறப் படுத்து தூங்கினாரு. குறட்டை சத்தம் கேட்டு லோகநாயகி அழுதுட்டாங்களாம்.

அப்புறம் தெனம் போனாரு.

ஒரு வாரத்துல ரெண்டு விசயம் அவருக்குப் புரிஞ்சுட்ச்சு. ஒண்ணு... இவரு தனியாத்தான் ஆடறாரு, ஆனா டேபிள்ல இவரு தொடாத பந்தும் கொறையுது. கோடு போட்ட பந்து ஏழும் எதிராளிக்கு, இவரு அடிக்கவே மாட்டாரு. தண்ணி குடிச்சுட்டு திரும்பினா அதுல ஒண்ணு இருக்காது. ரெண்டு... குனிஞ்சா நிமுர்றதுக்கு கொஞ்சம் நேரம் ஆவுது. மொத நாள் உடனே நிமுந்தாரு. அப்புறம் பத்து எண்ணணும். அப்புறம் ஒரு நிமிசம். அந்தக் கை எடுத்தாத்தான் நிமுர முடியுது.

தெரிஞ்சும் போனாரு. ஜூன் மாசம் வரணுமே... ஃபிட்டுன்னு எழுதி வாங்கணுமே.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. பஸ்ஸை உட்டு எறங்கி அந்த வெயில்ல நடந்து வந்தாரு. ஷெட்டுல ஒருத்தரும் இல்ல. சுலைமான் தொழுகைக்குக் கெளம்பி நிக்கறாரு.

"அண்ணே, ஷட்டரை முக்கால்வாசி எறக்கி உட்டுட்டுப் போறேன். நீங்க ஆடிக்கினு இருங்க. ரெண்டு மணிக்கு வந்துருவேன்."

"போயிட்டு வா பாய்."

ஷட்டர் கடகடன்னு எறங்கிச்சு. தரையோரம் ஒரு முழம் வெளிச்சம். பின்பக்க டேபிள் மேல ஒரு பல்பு... மேல ஒரு ஃபேனு. அவ்ளோதான்.

ஆட்டம் நல்லாப் போச்சு. இவரு பந்து ஏழும் உள்ள. கறுப்புப் பந்து ஒண்ணுதான் பாக்கி, அது உள்ள போனா ஆட்டம் முடிஞ்சுது. அது தூர மூலையில நிக்குது. எட்டிப் படுத்தா மாதிரி குனிஞ்சாரு... நெஞ்சு மரத்துல படற அளவுக்கு. கை வந்து இடுப்புல ஒக்காந்துச்சு.

கரண்ட் போச்சு.

ஃபேனு... டக்... டக்... டக்... நின்னுட்ச்சு. ஆஸ்பெஸ்டாஸ் மேல வெயில் பட்டு "பட்"னு ஒரு சத்தம். பச்சைத் துணியிலருந்து ஒரு வாசனை. ஈரத் துணிய பொட்டியில வெச்சு மறந்துட்டா வருமே... அந்த மாதிரி.

நிமுரலாம்னு பாத்தாரு. முடியல. கை எடுக்கல.

பத்து எண்ணினாரு. நூறு எண்ணினாரு. கை அமுக்குது. முன்ன மாதிரி பதமா இல்ல... மூட்டைய வெச்சா மாதிரி. தாவாக்கட்டை துணியில பட்டுட்ச்சு. ஒரு கன்னம் துணியில. ஒரு கண்ணுல மேசை மட்டும் தெரியுது. வெள்ளைப் பந்து... அதுக்கு அந்தப் பக்கம் கறுப்பு.

அப்போ சத்தம் கேக்குது. கிறீச்... கிறீச்... குச்சி நுனியில சாக்பீஸ் தேய்க்கற சத்தம்.

கை இவருக்குப் பின்னாடி. சத்தம் மேசைக்கு அந்தப் பக்கம்.

இவரு கண்ணை மூடிக்கினாரு. "டொக்"னு பந்து இடிச்சுது. அடி மரத்துக்குள்ள உருண்டு போற சத்தம்... கொர்ர்ர்னு. இவரு காது மரத்து மேலதானே கீது... தலைக்குள்ள உருள்றா மாதிரி இருந்துச்சாம். கண்ணைத் தொறந்தா கறுப்புப் பந்து இல்ல. ஆட்டம் முடிஞ்சுட்ச்சு. உட்டுடும்னு நெனைச்சாரு.

உடல. மேசை நடுவுல பதினஞ்சு பந்தும் முக்கோணமா நிக்குது. யாரும் அடுக்கல. திரும்ப மொதல்லருந்து.

கையில குச்சி கீது. வேற வழியில்ல, படுத்த வாக்குலயே அடிச்சாரு. அடுத்த அடி அந்தப் பக்கத்துலருந்து. இப்படியே... ஒரு ஆட்டம். ரெண்டு ஆட்டம். வேர்வை கண்ணுல எறங்குது, தொடைக்க கை வரல. கத்தலாம்னா நெஞ்சு மரத்துல அமுங்கி கீது, காத்துதான் வருது... கொரல் வரல.

ரெண்டு மணிக்கு சுலைமான் வந்தாரு. ஷட்டரைப் பாதி தூக்கிட்டு உள்ள வந்தாரு. பின்பக்க டேபிள் வரைக்கும் வந்தாரு. கஜபதிக்கு அவரு சட்டை பட்டன் தெரியுது. அத்தர் வாசனை வருது. கைய நீட்டினா தொட்டுடலாம்.

சுலைமான் மேசையைப் பாத்தாரு. இவரு மூஞ்சியத் தாண்டி பாத்தாரு.

"போயிட்டாரா... சொல்லாம போற ஆளு இல்லியே"ன்னு தனக்குத் தானே சொல்லிக்கினாரு. வெளிய போயி ஷட்டரை முழுசா எறக்கி பூட்டு போட்டாரு. கரண்டு இல்லாம கடை தொறந்து இன்னா பண்றது... சாப்பிடப் போயிட்டாரு.

அந்த ஒரு முழம் வெளிச்சமும் போச்சு. இருட்டுல "டொக்"... கொர்ர்ர்... "டொக்"... ஆட்டம் மட்டும் நிக்கல.

சாயங்காலம் அஞ்சரை. புருசன் வரலியேன்னு லோகநாயகி உத்தமனைக் கூட்டிக்கினு வந்துட்டாங்க. சுலைமான் அப்போதான் கடையைத் தொறந்து லைட்டு போட்டிருக்காரு.

"மத்தியானமே போயிட்டாரும்மா. அல்லா மேல சத்தியமா உள்ள யாரும் இல்ல. நீங்களே பாருங்க."

உத்தமன் பாத்தான். வாசப் பக்க டேபிள்... பின்பக்க டேபிள்... காலி. செவுரு. அவ்ளோதான். "வாங்கண்ணி, பஸ் ஸ்டாண்டாண்ட பாக்கலாம்"னு கூப்ட்டான்.

லோகநாயகி வரல. மூக்கை உறிஞ்சினு நின்னாங்க.

"தைலம் வாசனை அடிக்குது உத்தமா. காலையில நான் தேய்ச்சது."

வாசனை வந்த பக்கமே நடந்தாங்க. பின்பக்க டேபிள் கிட்ட போயி நின்னாங்க. ஒண்ணும் இல்லாத எடத்துல கைய நீட்டினாங்க... தெனம் காலையில எந்த ஒசரத்துல நீட்டுவாங்களோ அதே ஒசரத்துல.

கை நின்னுச்சு. காத்துல. எது மேலயோ வெச்சா மாதிரி.

அப்புறம் உத்தமன் சொல்றான்... அண்ணி மூஞ்சி அப்படியே வெளுத்துப் போச்சாம். ஆனா கைய எடுக்கல.

"இங்கதான் கீறாரு. அவரு மேல... இன்னொரு கை கீது."

சுலைமான் வாசல் வரைக்கும் ஓடிட்டாரு. உத்தமன் நின்ன எடத்துலயே நின்னான். லோகநாயகி ரெண்டு கையாலயும் எதையோ புடிச்சு இழுக்கறாங்க. ஒவ்வொரு வெரலா பிரிக்கறா மாதிரி. வளையல் உடைஞ்சு மேசை மேல வுழுது. "உடு... உடுடா... எம் புருசனை உடுடா..." கத்தல. அடிக்கொரலுல சொல்லினே இழுக்கறாங்க. எவ்ளோ நேரம்னு தெரியல.

திடீர்னு கஜபதி கீழ கெடந்தாரு. எங்கேந்து வந்தாருன்னு உத்தமன் பாக்கல. இல்லாத மனுசன் இருந்தாரு... அவ்ளோதான். கன்னத்துல பச்சைத் துணி நூல் அச்சு அப்படியே பதிஞ்சு இருந்துச்சாம்.

தண்ணி தெளிச்சாங்க. கண்ணைத் தொறந்தாரு. எழுந்து ஒக்காந்தாரு. அப்புறம்... யார் தோளையும் புடிக்காம, எழுந்து நின்னாரு. நேரா. ஆறடிக்கும்.

"லோகா... வலிக்கலடி"ன்னாரு.

ஊட்டுக்கு வந்தும் வலிக்கல. மறுநாளும் வலிக்கல. தும்மினாரு... வலிக்கல. கொடம் தூக்கினாரு. கேரம் போர்டை எறக்கி சம்மணம் போட்டு ஒக்காந்து உத்தமன்கூட ஆடினாரு. சுலைமான் அந்த டேபிளை ஷெட்டுக்கு வெளிய வெச்சு மண்ணெண்ணை ஊத்தி கொளுத்தினதா கேள்வி. கடையும் மூடிட்டாரு.

நல்லாத்தானே முடிஞ்சுது... ன்றியா?

ஜூன் மாசம் கம்பெனியில எக்ஸ்ரே கேட்டாங்க. அம்பத்தூர்ல ஒரு எடத்துக்குப் போனாங்க. உள்ள இவரு மட்டும். லோகநாயகி வெளிய பெஞ்சுல. எடுத்துட்டு, படத்தைக் கழுவிப் பாத்த அந்த ஆளு வெளிய வந்து கோவப்படறான்.

"யாருங்க உள்ள போயி அவரு இடுப்புல கை வெச்சது? படம் வீணாப் போச்சு. வெரல் எலும்பு அஞ்சும் அப்படியே வுழுந்துருக்கு."

"நான் இங்கதானே ஒக்காந்துகினு கீறேன்"னாங்க லோகநாயகி.

ரெண்டாவது படம் எடுத்தான். இந்த வாட்டி கதவைத் தாப்பா போட்டுட்டு. கழுவிப் பாத்தான். மூணாவது எடுத்தான். மூணையும் வரிசையா வெளக்குப் பொட்டியில மாட்டிட்டு லோகநாயகியக் கூப்ட்டு காட்டினான்.

முதுகெலும்பு சுத்தமா கீது. ஒரு கொறையும் கெடையாது. மொத படத்துல அந்தக் கை இடுப்புல இருந்துச்சு. ரெண்டாவதுல நடு முதுகுல. மூணாவதுல கழுத்துக்குக் கீழ.

நாலாவது படம் எடுக்க லோகநாயகி உடல.