பத்துப் படங்களின் வரிசை

காலை ஆறரைக்கு எழுந்துகொள்கிறேன். ஓட்ஸ் கஞ்சி. பால் சேர்க்காத காபி. வார இறுதி வசூல் விவரத்தைப் படிக்கிறேன். பிறகு முக்குவரை நடந்து, பெரிய விளம்பரப் பலகையில் எந்தப் படம் மாறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். நடீன் இறந்த மறுநாளும் இதைத்தான் செய்தேன். அன்று பலகை மாறியிருக்கவில்லை.

துப்பறிவாளர் மரோக்கின் அவர்களே, நடந்ததை என் சொந்த வார்த்தையில் எழுதித் தரச் சொன்னீர்கள். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி நடீனின் வாக்கை நான் போட்டேன். அது திரைப்பட விருதுக் குழுவின் விதிக்கு விரோதம் என்று எனக்குத் தெரியும்.

நடீன் ஒலித்தொகுப்பாளர். படத்தில் கதவு சாத்துவது, மழை பெய்வது, எலும்பு முறிவது எல்லாம் அவள் கைவேலை. அதனால் அவளுக்கு வாக்கு இருந்தது. நான் சினிமா ஸ்டுடியோக்கள் நிறைந்த பர்பாங்கில் பல் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். வருடத்துக்கு முந்நூறு படம் பார்க்கிறேன். அதனால் எனக்கு வாக்கு இல்லை.

இந்த ஊரில் யார் எதற்கு வாக்களிக்கிறார்கள் என்பதை வெளியில் இருப்பவர்கள் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். வேடத்துக்காக எடை குறைத்த நடிகருக்குப் பரிந்துரை கிடைக்கும். மூக்கை மாற்றிக்கொண்டவருக்கு விருது கிடைக்கும். சிரிக்க வைத்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் ஒரு கௌரவப் பட்டயம், அதுவும் தொலைக்காட்சியில் காட்டாத விழாவில். தனி விமானத்தில் வந்து இறங்கி, பூமி சூடாகிறது என்று மேடையில் அழுவார்கள். அழுகையில் குறை சொல்ல முடியாது. அது அவர்கள் தொழில். வாக்காளர்களில் பாதிப் பேர் படங்களைப் பார்ப்பதே இல்லை. படக்காரர்கள் வைக்கும் மதிய விருந்துக்குப் போவார்கள்.

ஆறு வருடமாக எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. நான் பார்ப்பேன். நடீன் பாதியில் தூங்கிவிடுவாள். வாக்களிக்கும் நாளில் நான் வரிசையைச் சொல்வேன், அவள் போனில் அழுத்துவாள். அவளோடு வேலை பார்த்த ஆர்லோவுக்கு இது தெரியும்.

"இந்தத் தடவை உம் பொண்டாட்டி யாருக்குப்பா ஓட்டுப் போடுறா? ஒன்னக் கேட்டாத்தானே தெரியும்" என்று ஜனவரியில்கூடக் கேட்டார்.

உப்பளப் படத்துக்கு என்று சொன்னேன். ஒரு மனிதன் பதினெட்டு வருடம் உப்பு வாருகிறான். பேச்சு அதிகம் இல்லை. நான்கு முறை பார்த்தேன். பத்து வருடத்தில் இந்த ஊர் எடுத்த ஒரே நேர்மையான படம் அதுதான் என்பது என் கருத்து.

கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்து மணியோடு வாக்குப்பதிவு முடியும். நடீன் விருந்து ஒன்றுக்குப் போய்விட்டு நாலு மணிக்கு வந்தாள். படத்தின் பெயர் அச்சடித்த காகிதத் துண்டில் இரண்டு பிஸ்கட் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். போனில் வாக்குப் பக்கத்தைத் திறந்துகொண்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் நானே போட்டுக்கறேன். செனட்டர் படத்துக்கு."

"நீ அதைப் பாக்கவே இல்லையே."

"பாதி பாத்தேன். மீதிய விருந்துல சொல்லிட்டாங்க. மீனு ரொம்ப நல்லாருந்துச்சு."

"மீனுக்கா ஓட்டு?"

"போன வருஷம் உன் மூஞ்சிக்குப் போட்டேன். அதுக்கு மீன் எவ்வளவோ தேவலை, நடுவர் ஐயா."

அவள் வேடிக்கையான பெண். அதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பிறகு ஒரு பிஸ்கட்டைக் கடித்தாள். அதில் பிஸ்தா இருந்திருக்கிறது. அவளுக்குக் கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாது. தொண்டை அடைக்கும். அதற்கான ஊசிமருந்து கீழே நிறுத்தியிருந்த காரில் இருந்தது. சாவி கதவோரம் தொங்கிக்கொண்டிருந்தது. இருமல் வந்ததும் போனை மேசையில் வைத்தாள். நான் எடுத்தேன். மணி நாலு முப்பத்திரண்டு.

பட்டியலில் செனட்டர் படம் முதலிடத்தில் இருந்தது. அதைக் கீழே இறக்கினேன். உப்பளத்தை மேலே ஏற்றினேன். அதோடு வேலை முடிந்துவிடும் என்று பலர் நினைப்பார்கள். முடியாது. பத்துப் படங்களையும் வரிசைப்படுத்த வேண்டும். குறைந்த வாக்குப் பெற்ற படம் வெளியேறினால், அந்த வாக்கு அடுத்து எழுதியிருக்கும் படத்துக்குப் போகும். அதனால் ஏழாவது எட்டாவது இடங்களுக்கும் மதிப்பு உண்டு. அவசரத்தில் போடுகிற வாக்கு, விருந்து சாப்பிட்டுப் போடுகிற வாக்கைவிட எந்த விதத்தில் உயர்ந்தது?

நடீன் என் சட்டைக் கையைப் பிடித்தாள். ஒரு நிமிடம் என்றேன். தியேட்டரில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வதுபோல மெதுவாகத்தான் சொன்னேன். போன் திரையில் வெயில் பட்டுக் கூசியதால் ஜன்னலை விட்டு உள்பக்கம் தள்ளிப் போனேன். என் போன் சமையலறையில் இருந்தது. அதை அவளிடம் எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் தோன்றியது.

ஏழாவது இடத்துக்குக் குதிரை வைத்தியர் படமா, செனட்டர் படமா என்று தீர்மானிக்க நான்கு நிமிடம் ஆனது. குதிரை வைத்தியர் படத்தில் இசை அதிகம். ஆனால் அது யாருக்கும் பாடம் நடத்தவில்லை. அதை ஏழாவதில் வைத்தேன். கடைசியில் அதுதான் விருது வாங்கியது. செனட்டர் படத்தோடு கடும் போட்டி என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த நான்கு நிமிடம் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நாலு நாற்பத்தேழுக்கு வாக்கு பதிவானது. அவசர உதவிக்கு நான் அழைத்தது நாலு நாற்பத்தொன்பதுக்கு. நானே ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொன்னபடி நாலு நாற்பதுக்கே நினைவிழந்துவிட்ட ஒரு பெண் ஏழு நிமிடம் கழித்து எப்படி வாக்களித்தாள் என்று கேட்டுத்தான் நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். நியாயமான கேள்வி. இடையில் உள்ள இரண்டு நிமிடத்தையும் கேட்டீர்கள். உறுதிப்படுத்தும் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். 'நன்றி, நடீன். உங்கள் குரல் முக்கியமானது' என்று இருந்தது.

அஞ்சலிக் கூட்டத்தில் ஆர்லோ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னப்பா சொன்னா?" என்று கேட்டார். 'உப்பளத்த முதல்ல வை' என்று சொன்னாள் என்றேன். அவர் அழுதார். அந்தப் படத்தின் இயக்குநர் வெள்ளைப் பூ அனுப்பினார்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவள் சம்மதத்தோடுதான் போட்டேன். இதை விருதுக் குழுவுக்கும் நீங்கள் தெரிவிக்க வேண்டும். விதிமீறலின் கனம் கொஞ்சம் குறையலாம். நான் ஏழாவது இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது, தரையில் உட்கார்ந்தபடி, தெளிவாகவே சொன்னாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"உனக்குப் புடிச்சதையே போடு, கிரேடி. போனை மட்டும் குடு."