என் வீட்டையும் எடுங்க, மிஸ்

– இல்ல நிஷாந்தினி மிஸ், நீங்க தலகீழா வெளங்கிக்கிட்டீங்க. என் காணிய எடுக்காதீங்கன்னு நான் வரல. எடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்.

– கொஞ்சம் பொறுங்கோ ஐயா. ஏழு வருசமா இந்தக் காணிப் பிரிவில இருக்கிறன். எடுக்காதேங்கோ எண்டுதான் எல்லாரும் வாறவை. பேரைச் சொல்லுங்கோ.

– இருளப்பன். கொட்டாஞ்சேன. எங்க தோட்டத்துல மொத்தம் பதினாலு வீடு, ஒரே தண்ணிப் பைப்பு. பதிமூன ஒடச்சி, சனத்த எல்லாம் மாளிகாவத்த மாடி வீட்டுக்கு ஏத்திட்டீங்க. நான் மட்டும் ஒத்தையா நிக்கிறேன்.

– ஓம், வாகனத் தரிப்பிடத் திட்டம். உங்களுக்கு நல்லதுதானே? காணி உறுதிப் பத்திரம் உங்கட பேரில இருக்கு. மற்றவைக்கு அது இல்லையே.

– உறுதிய வச்சி என்னா செய்ய மிஸ்? வந்து கதவத் தட்ட அதுக்குக் கை இருக்கா? சுத்தித் தகரம் அடிச்சிட்டாங்க. பாண் விக்கிற சூன்பான் ஆட்டோ பாட்டப் போட்டுக்கிட்டு ரோட்டோடயே போகுது. ஒரு கெழவனோட ஒத்தப் பாணுக்கு அவன் ஏன் உள்ள வர்றான்?

– வீட்டில வேற ஆக்கள் இல்லையோ?

– நானும் ஃபேனும். வலன்ரைன் வீட்டுக்கும் எனக்கும் ஒரே சுவரு. அத மட்டும் ஒடைக்கல. மாதா படம் தொங்குன ஆணி இப்ப வெளிய மழையில நனையுது. அவன் கொறட்டைக்கு எத்தன நாள் அந்தச் சுவரக் குத்தியிருப்பேன் தெரியுமா!

– மாளிகாவத்தை கிட்டத்தானே ஐயா. ஒருக்காப் போய்ப் பாக்கலாமே.

– போனேனே. சீனியம்மா தட்டுல பிஸ்கட் வச்சி டீ குடுத்துச்சி. முன்னெல்லாம் "யோவ் கெழவா, பைப்ப மூடு"ன்னு கத்தும். இப்ப நான் விருந்தாளியாம். அழுகையே வந்திருச்சி மிஸ். அவங்க மாடியில ஒரு வீடு இன்னும் பூட்டித்தான் கெடக்குது. அதக் குடுத்துட்டு என் காணிய எடுத்துக்கங்க.

– பைலைப் பாப்பம்... ஐயா, இதில ஒரு ஆட்சேபனைக் கடிதம் இருக்கு. உங்கட வீட்டை மட்டும் எடுக்காமல் விடச் சொல்லி. மூண்டு வருசத்துக்கு முந்தின திகதி. அதாலதான் விட்டிருக்கினம்.

– நான் ஒன்னும் எழுதலியே! எந்தப் பய செஞ்ச வேல இது? பேரச் சொல்லுங்க, கேட்டுட்டு வாறேன்.

– ஒருத்தர் இல்லை ஐயா, பதின்மூண்டு கையெழுத்து. வலன்ரைன், சீனியம்மா, ராசிக்... தோட்டம் முழுக்க. வாசிக்கிறன், கேளுங்கோ. "எங்கள் வீடுகளை எடுங்கள். இருளப்பன் அண்ணனின் வீட்டை மட்டும் விட்டுவிடுங்கள். தன் பிணம்தான் அந்த வாசலைத் தாண்டும் என்று அவர் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்." நீங்கள் அப்பிடிச் சொன்னனீங்களோ?

– சொன்னேன் மிஸ். அப்ப எம் பொஞ்சாதி உசுரோட இருந்தா.