நீலப் பிடி போட்ட களைக்கொத்து

"செடி செத்துக்கிட்டிருக்கு. நீங்க என்னடான்னா எண்ணிக்கிட்டிருக்கீங்க."

"எண்ணுறதுக்குத்தான் அண்ணே இந்தப் பாத்தி. கொஞ்சம் பொறுங்க. இதுக்கு எதுவும் போடக் கூடாதுன்னு பேசித்தானே ஆரம்பிச்சோம்?"

"யாரு யார்கிட்ட பேசினது? செடி கையெழுத்துப் போட்டுச்சா?"

தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நாங்கள் கை வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டோம். கோபப்பட்டவர் தோட்டத்து மேஸ்திரி. பொறுக்கச் சொன்னவர் இன்று பணி ஓய்வு பெற்று இந்த மேடையில் மாலை ஏற்பவர்.

மண்ணுக்குள் மருத்துவம் பார்த்த மாண்பே! கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்போல் காத்த காவலே! சொல்லில் சிக்கனமும் உழைப்பில் தாராளமும் கொண்ட எங்கள் நுண்ணுயிர்க் கூடத்துத் தலைவியே! வாய்க்கு வாய் 'பொறுங்க' என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்குப் 'பொறுங்கக்கா' ஆகிப்போனவரே! வணக்கம்.

உங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் பாதியிலேயே கையமர்த்திவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் அக்கா என்று யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறோம். இந்த ஒரு தடவை நீங்கள் பொறுங்கள்.

எங்கள் தோட்டத்து அமுக்கரா வேர் மருந்துக்குப் போவது. வேரழுகல் வந்தால் மேலே இலை வாடுவதற்குள் கீழே வேர் கூழாகிவிடும். விஷத்தை ஊற்றி நோயை அடக்கலாம். ஆனால் அந்த விஷத்தில் கொஞ்சம் வேரிலேயே தங்கி, கடைசியில் நோயாளியின் வாய்க்குப் போகும். அக்கா வேறு வழி பார்த்தார். நோயில்லாத செடியின் வேரடி மண்ணிலிருந்து நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, வளர்த்து, பொடியாக்கி, மக்கிய எருவோடு கலந்து வேருக்கு வைத்தார். அது என்ன செய்யும் என்று கேட்டால் சிரிப்பார். "பஸ்ஸுல நம்ம ஆளு முதல்லயே ஏறி எல்லா சீட்லயும் உட்கார்ந்துட்டா, திருடன் ஏறி என்ன பண்ணுவான்?"

சொன்னால் போதுமா? நிரூபிக்க வேண்டும். பாதிப் பாத்திகளுக்குப் பொடி, மீதிப் பாதிக்கு எதுவும் இல்லை. வித்தியாசம் தெரியாவிட்டால் நுண்ணுயிர்க் கூடத்தை மூடிவிடுவதாக மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார். அப்படி விட்டுவைத்த பாத்திகளுக்காகத்தான் அந்தச் சண்டை.

சண்டை முடிந்த கொஞ்ச நாளில் விநோதம் ஒன்று நடந்தது. பொடி போடாத பாத்திகளிலும் அழுகல் குறைந்துவிட்டது. போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று என்றால் கூடம் எதற்கு என்று மேனேஜர் கேட்டார். நாங்கள் எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தோம். அக்காவும் பார்த்தார், ரகசியமாகப் பொடி போட்டீர்களா என்று கேட்டும்விட்டார்.

மேஸ்திரியின் முகம் சுண்டிப்போனது. "வாய் பேசினேன், ஒத்துக்கிறேன். திருட்டுத்தனம் பண்ணலை."

அக்கா பொடி போடாத பாத்திகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். களையெடுப்பவர்கள் முதலில் கால் வைக்கும் முனையில் செடி தெம்பாக நின்றது. போகப் போக வாடல். கடைக்கோடியில் பழைய அழுகல் அப்படியே. மறுநாள் வரப்பில் உட்கார்ந்து களையெடுப்பதைக் கவனித்தார். பொடி போட்ட பாத்தியை முடித்துவிட்டு, அதே களைக்கொத்தோடு, அதே ஈரமண் ஒட்டியிருக்க, அடுத்த பாத்தியில் இறங்கினார்கள். அந்த மண்ணை வழித்துக் கூடத்துக்குக் கொண்டுபோய் வளர்த்துப் பார்த்தார். ஊதா விளக்கின் கீழ் தட்டு அந்தப் பாக்டீரியாவுக்கே உரிய பச்சையில் ஒளிர்ந்தது. அவர் வளர்த்த பிள்ளையேதான்.

நேரே மேஸ்திரியிடம் வந்தார். "மன்னிச்சிருங்க அண்ணே. போட்டது நீங்க இல்ல, களைக்கொத்து."

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். கொத்தில் ஒட்டிய மண்ணுக்கே இவ்வளவு பலம் என்றால் அதையே எழுதி அறிவித்துவிடலாமே என்றார். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். "எனக்கு நம்பிக்கை வந்திருக்கு சார். என் நம்பிக்கையைப் பொட்டலம் கட்டி விவசாயிக்கு விக்க முடியாது." இன்னொரு பயிர்க்காலம் கேட்டார். அதிலும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் தானே கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். எங்கள் பிழைப்பும் அந்தக் கூடத்தில்தான் இருந்தது. கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டவிடாமல் பண்ணுகிறாரே என்று அன்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசாதவர்கள் எங்களில் குறைவு.

அடுத்த பயிரில் பொடி போட்ட பாத்திக்குச் சிவப்புப் பிடி போட்ட களைக்கொத்து, போடாததற்கு நீலப் பிடி. கூடை தனி, செருப்பும் தனி. நீலக் கொத்தை மட்டும் அக்கா யாரையும் தொடவிடவில்லை. அந்தப் பாத்திகளுக்குத் தானே களையெடுத்தார். இன்னும் தன்மேல் சந்தேகம் போகவில்லை என்று மேஸ்திரி மனசுக்குள் வெந்தார்.

அழுகல் வந்தது. சிவப்புப் பாத்திகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன, நீலம் சாய்ந்தது. கூடம் பிழைத்தது என்று பொட்டலக் கொட்டகையில் நாங்கள் குதித்தோம். அக்காவைக் காணவில்லை. தேடிப்போன மேஸ்திரி அவரை நீலப் பாத்தியில் கண்டார். செத்த செடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேரில் மண்ணைத் தட்டி, வரிசையாகப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"காப்பாத்தத் தெரிஞ்சும் சாக விடுறது பாரமா இருக்குண்ணே. அதை இன்னொருத்தர் கையில கொடுக்க எனக்கு மனசு வரலை."

மேஸ்திரி எதிரே குத்தவைத்து உட்கார்ந்து மண்ணைத் தட்டத் தொடங்கினார்.

அக்கா, இனி உங்களிடமே பேசுகிறோம். இன்று எத்தனையோ தோட்டங்களில் விஷம் படாத வேர் விளைகிறது. முப்பதாண்டுக்கு மேல் குனிந்தே நின்ற உங்கள் இடுப்புக்கு இனியாவது ஓய்வு கிடைக்கட்டும். நீங்கள் வளர்த்த உயிர்கள் வேரைச் சூழ்ந்து காப்பதுபோல் நலமும் உறவும் உங்களைச் சூழ்ந்து நெடுநாள் காக்கட்டும்.

ஆனால் ஒன்று பாக்கி. அடுத்த சோதனைக்குப் பாத்தி பிடித்தாயிற்று. அதிலும் பாதி விட்டுவைக்க வேண்டிய பாத்தி. நீலக் கொத்து கூடத்துக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. நீங்கள் சொல்லாமல் அதைத் தொட எங்களுக்குக் கை வரவில்லை. மேஸ்திரி ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "இந்தத் தடவை எங்கிட்ட கொடுங்கக்கா. நான் எதுவும் போட மாட்டேன். பார்த்துக்கிட்டு மட்டும் இருப்பேன்."

பொறுங்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவரிடம் கொடுக்கிறீர்களா? மேடையை விட்டு இறங்குவதற்குள் பதில் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
பொட்டலக் கொட்டகை, நுண்ணுயிர்க் கூடம், தோட்டத்துப் பணியாளர்கள்